கொள்முதல் மாநாட்டின் முதல் பந்தி

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கடலூரில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையின் கொள்முதல் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தேன். அரிசி, பருப்பு, எண்ணெய், சாக்கு, சணல் என்று எது வாங்குவதானாலும் கொட்டேஷன் கேட்பது, மாதிரி பார்ப்பது, வந்த சரக்கைச் சோதித்து உள்ளே விடுவது என் வேலை. அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். எங்கள் குப்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து நாற்காலி வேலைக்குப் போன சிலரில் நானும் ஒருவன். செம்மண்டலத்தில் ஒரு ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான், மனைவி, அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்த மகள்.

அந்த வேலையில் இருந்தவரை எனக்கு ஒரு பயம் விட்டதே இல்லை. சரக்கு வாங்குகிறவன் என்றால் ஊருக்கு அவன்மேல் சந்தேகம். வியாபாரி ஒருவர் கடைத்தெருவில் மடக்கி டீ வாங்கிக்கொடுத்தால், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று டீ தொண்டையில் நிற்கும். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த இனிப்புப் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுப்பதற்காக மழையில் சைக்கிள் மிதித்திருக்கிறேன். மனைவி சிரிப்பாள். “திருடறவங்க கூட இவ்ளோ பயப்பட மாட்டாங்க” என்பாள்.

ஒரு கோடையில் எங்கள் மாவட்டத்தில் சரக்கு வாங்குகிறவர்களுக்கென்று ஒரு மாநாடு கூடியது. பண்டகசாலைகள், மாணவர் விடுதிகள், ஆஸ்பத்திரிகள், ஆலைகள் எல்லாவற்றிலிருந்தும் கொள்முதல் பார்க்கிறவர்கள் வந்து, யாரிடம் வாங்குவது, எப்படி வாங்குவது, சப்ளையர்களை எப்படிக் கையாள்வது என்று இரண்டு நாள் பேசுவதாகத் திட்டம். இடம் சிதம்பரம், ரயிலடிப் பக்கம் ஒரு நெல் வியாபாரியின் பெரிய கூடம். சாப்பாட்டுப் பொறுப்பு எங்கள் பண்டகசாலைக்கு வந்தது. எங்கள் மேலாளர் பந்தல், பாத்திரம், சமையல்காரர் மூன்றையும் தான் எடுத்துக்கொண்டு, மளிகையையும் மீனையும் என்னிடம் விட்டார்.

மேலாளர் நல்லவர். கோபித்துப் பேசமாட்டார். ஆனால் மேலதிகாரி யாராவது வந்துவிட்டால் அவருடைய குரல் மெலிந்துவிடும். பதவி உயர்வுக்காகப் பல வருடங்களாகக் காத்திருந்தார். இந்த மாநாடு நன்றாக நடந்தால் அது கிடைத்துவிடும் என்று நம்பினார்.

“மீன் யார்கிட்ட சார் சொல்றது?” என்று அவரைக் கேட்டேன்.

“உங்க மச்சான் முதுநகர்ல மீன் ஏவாரம்தானே பண்றாரு? அவருகிட்டயே சொல்லிடுங்க.”

“அவன் என் சம்சாரத்தோட தம்பி சார். நாளைக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லிட்டா?”

“வேற ஆளுங்ககிட்டயும் வெல கேட்டீங்க இல்ல?”

“கேட்டேன் சார். இவன் வெல ஜாஸ்தி இல்ல. எல்லாரும் சொன்ன வெலதான்.”

“அப்புறம் இன்னா? எனக்குத் தெரிஞ்சுதானே நடக்குது. யாராவது கேட்டா நான் சொல்லிக்கிறேன். போங்க.”

அந்த வார்த்தையை நம்பி நான் மச்சானிடம் வஞ்சிர மீன் சொல்லிவைத்தேன்.

மச்சானுக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். என்னை மாமா என்று கூப்பிடுவான். படிப்பு ஏறவில்லை. ஆனால் மீன் கூடையின் பக்கத்தில் நின்றால் அவனுக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் எடுத்து, பலகைப் பெட்டியில் ஐஸ் போட்டு, விழுப்புரம், பண்ருட்டி என்று அனுப்பிக்கொண்டிருந்தான். சிதம்பரத்தில் ஒரு பெரிய விருந்துக்கு மீன் கொடுப்பது அவனுக்கு அதுதான் முதல் தடவை. வந்திருப்பவர்களில் ஒரு விடுதிக்காரராவது தன்னிடம் தொடர்ந்து மீன் எடுப்பார் என்று கணக்குப் போட்டிருந்தான்.

மாநாட்டன்று காலையில் மீன் லாரி வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை. நான் கூடத்து வாசலுக்கும் சமையல் கொட்டகைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். வெயில் ஏறிவிட்டது. மசாலா அரைத்து வைத்துவிட்டுச் சமையல்காரர்கள் காத்திருந்தார்கள். கடைசியில் லாரி வந்தது. மச்சான் குதித்து இறங்கி, பெட்டிகளை இறக்கி, ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்து பார்த்துச் சமையல்காரரிடம் கொடுத்தான். “ஏன் இவ்வளவு நேரம்?” என்று கேட்டேன். “அப்புறம் சொல்றேன் மாமா, மொதல்ல இது அடுப்புக்குப் போவட்டும்” என்றான். மீன் எனக்கும் நன்றாகத்தான் தெரிந்தது. என்னை உள்ளே கூப்பிட்டார்கள். போய்விட்டேன்.

கூடத்தில் மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. மாநாட்டுத் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். அவர் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. கதர் சட்டை, நெற்றியில் திருநீறு, சத்தமில்லாத ஆனால் எல்லா மூலைக்கும் போய்ச் சேருகிற குரல். வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் நடுவே ஒரு மேஜை இருக்கவேண்டும், அந்த மேஜையைத் தாண்டி உறவு வரக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“சொந்தக்காரன்கிட்ட வாங்காதீங்க” என்றார். “அவன் யோக்கியனாவே இருக்கட்டும். சரக்குல ஒரு குறை வந்தா உங்க வாய் திறக்காது. திறந்தாலும் உங்களை யாரும் நம்ப மாட்டாங்க.”

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு முதுகெல்லாம் வியர்த்தது. கொட்டகையிலிருந்து மீன் வறுபடுகிற வாசம் கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் மேலாளரின் பின்னந்தலை மட்டும் தெரிந்தது. அது அசையவே இல்லை.

மதியம் இரண்டு பந்தி. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு முதலில் இலை போட்டார்கள். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் தலைவரோடு ஏதோ தீர்மானம் எழுதிக்கொண்டிருந்ததால் அவர்களுக்கு இரண்டாம் பந்தி. மச்சானுடைய மீனைப் பற்றி எல்லோரும் பிரமாதம் என்ற ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். கீரப்பாளையத்திலிருந்து வந்த ஒருவர், “இந்த மாதிரி வஞ்சிரம் எங்க பக்கம் கண்ணுலகூடப் படாது” என்று இரண்டாம் தடவை வறுவல் கேட்டு வாங்கினார். அனலாக இருந்ததால் சாப்பிட்டு எழுந்தவர்களெல்லாம் நீர்மோர் வைத்திருந்த அண்டாவைச் சூழ்ந்துகொண்டு தம்ளர் தம்ளராகக் குடித்தார்கள். எலுமிச்சம்பழம் பிழிந்து, கொத்தமல்லி போட்டு, காலையிலேயே கலந்து வைத்த மோர். நான் பரிமாறுகிறவர்களுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். என் வாயில் ஒரு பருக்கைகூடப் படவில்லை.

இரண்டாம் பந்தியும் முடிந்து எல்லோரும் கூடத்துக்குள் திரும்பியபோது நான் முதல் தடவையாக மூச்சு விட்டேன். ஒருவர் மேடையேறிச் சரக்கின் தரம் பற்றிப் பேச ஆரம்பித்தார். அப்போது திட்டக்குடியிலிருந்து வந்திருந்த விடுதிக் கண்காணிப்பாளர் நாற்காலியிலிருந்து எழுந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். வாசல்வரை போக முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அங்கேயே வாந்தி எடுத்தார்.

வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று ஒருவர் தண்ணீர் கொண்டுபோனார். அவர் திரும்பி வருவதற்குள் இன்னொருவர் எழுந்தார். அப்புறம் இரண்டு பேர். கீரப்பாளையத்துக்காரர் சுவரோரமாகக் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, “கொடலப் பொரட்டுதே, கொடலப் பொரட்டுதே” என்று முனகினார். பேச்சு நின்றது. நாற்காலிகள் சரியும் சத்தம். கொல்லைப்புறம் ஓடுகிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். யாரோ, “மீன்! மீன்லதான்!” என்று கத்தினார்.

அந்த ஒரு சொல் என் காதில் விழுந்தபோது என் கைகால் என்னுடையதாக இல்லை. ஓடிப்போய் உதவவேண்டும் என்று தெரிகிறது. கால் நகரவில்லை. வாந்தி எடுத்த ஒவ்வொருவரையும் எனக்குத் தெரிந்திருந்தது. இவருக்கு வறுவல் வைக்கச் சொன்னேன். அவருக்குக் குழம்பு ஊற்றச் சொன்னேன். சாப்பிடுங்க சார், இன்னும் ஒரு துண்டு போடட்டுமா என்று நானே குனிந்து கேட்டிருக்கிறேன். இவர்களில் ஒருவர் செத்துப்போனால்?

தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பிவிட்டு, “மீன் யார் சப்ளை?” என்று கேட்டார்.

நான் மேலாளரைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

“இவரோட மச்சினன் சார்” என்று கையை மட்டும் என் பக்கம் நீட்டினார். “சொந்தக்காரன்னு எனக்கு இப்பத்தான் சார் தெரியும்.”

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். ‘உங்களிடம் சொல்லித்தானே சார்’ என்ற வார்த்தை நாக்கில் இருந்தது. சத்தம் வரவில்லை. காலையில் தலைவர் சொன்னது அப்படியே நடந்தது. என் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

வெளியே லாரி பக்கத்தில் மச்சான் காலிப் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் அவனிடம் போவதற்குள் நாலைந்து பேர் போய்விட்டார்கள். ஒருவன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் அறைந்தான். மச்சான் திருப்பி அடிக்கவில்லை. கடலில் வலை இழுத்த கை அது, அடித்திருந்தால் அறைந்தவன் விழுந்திருப்பான். மச்சான் என்னைத்தான் தேடினான். அவனைத் தள்ளிக்கொண்டு வந்து சாக்கு அடுக்கியிருந்த ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். போலீசுக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது என்றார்கள். நானும் உள்ளே போய் அவன் பக்கத்தில் நின்றேன். ஆட்கள் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்கள்.

“இன்னா மாமா ஆச்சு? யாருக்கு இன்னா ஆச்சு?”

சொன்னேன். அவன் கண் விரிந்தது. குரலைத் தாழ்த்தி, என் காதோடு சொன்னான்.

“புதுச்சத்திரத்துக்கிட்ட லாரி நின்னுபோச்சு மாமா. ரேடியேட்டர் கொதிச்சிடுச்சு. ரொம்ப நேரம் வெயில்லயே நின்னோம். ஐஸு பாதிக்குமேல ஒழுகிடுச்சு.”

அவன் தோளைப் பிடித்தேன். “ஏன்டா சொல்லல?”

“மீனு கெடல மாமா. ஒவ்வொண்ணா மோந்து பாத்துத்தான் குடுத்தேன். கெட்டிருந்தா நானே கொட்டியிருப்பேன். எங்கக்கா மேல சத்தியமா கெடல.”

வஞ்சிரம் வெயிலில் கிடந்தால் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உடம்புக்கு ஆகாது என்று எங்கள் குப்பத்தில் சொல்லுவார்கள். அது அவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நாங்கள் இருவரும் அதைச் சொல்லவில்லை. வெளியே ஒருவர் தொடர்ந்து ஓங்கரித்துக்கொண்டிருந்தார். வேலை போய்விடும் என்ற பயமெல்லாம் அதற்குள் எங்கோ போய்விட்டது. ஜெயில் பயம்கூட இல்லை. திட்டக்குடிக்காரரின் மனைவி என்று நான் பார்த்தே இராத ஒரு பெண், கூடத்து வாசலில் வந்து நின்று என்னைப் பார்ப்பதுபோல் கண்ணுக்குள் வந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

மச்சான் எழுந்தான்.

“மீனு மிச்சம் இருக்குதா?”

“எதுக்கு?”

அவன் வாசலில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு நடந்தான். ஓடுகிறான் என்று நினைத்து இரண்டு பேர் தோளைப் பிடித்தார்கள். அவன் அவர்களையும் இழுத்துக்கொண்டு சமையல் கொட்டகைக்குப் போனான். குழம்புச் சட்டியில் அடியில் கொஞ்சம் குழம்பும் துண்டுகளும் இருந்தன. ஒரு இலையைக் கிழித்துப் போட்டு, சோறு அள்ளி வைத்து, சட்டியைச் சாய்த்து ஊற்றினான். மண்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“என் மீனு இது. நான் துன்றேன். எல்லாரும் பாருங்க.”

தலைவரும் வந்துவிட்டார். மேலாளரும் பின்னால் நின்றார். யாரும் அவனைத் தடுக்கவில்லை. மச்சான் சாப்பிட ஆரம்பித்தான். அவசரமில்லாமல், முள்ளைப் பார்த்து எடுத்து வைத்துவிட்டு, வீட்டில் சாப்பிடுவதுபோல் சாப்பிட்டான்.

அடுத்து நான் செய்ததைப் பின்னால் பலர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. அவன் தனியாக அந்த மண்ணில் உட்கார்ந்து, சுற்றிலும் வேட்டியும் பேண்டுமாகக் கால்கள் நிற்க, ஒவ்வொரு கவளமாக விழுங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. இவனுக்கு ஏதாவது ஆகிவிட்டு நான் மட்டும் முழுசாகச் செம்மண்டலத்துக்குப் போய் அவன் அக்கா முன்னால் நின்றால் என்ன சொல்லுவேன்? அதை நினைத்த பயம் மீன் மேலிருந்த பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அவ்வளவுதான். நானும் ஓர் இலைத் துண்டை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நீ வேணாம் மாமா” என்றான் அவன், வாயில் சோற்றோடு. “எழுந்திரு. கொழந்த இருக்கு.”

“ஊத்துடா.”

அவன் ஊற்றவில்லை. நானே சட்டியை இழுத்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிறு. முதல் கவளம் போன பாதை முழுவதும் தெரிந்தது. ருசியாகத்தான் இருந்தது. ருசியாக இருந்ததே பயமாக இருந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் கொட்டகைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தோம். சுற்றி நின்றவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காத்திருப்பைப் போல ஒன்றை நான் பிறகு அனுபவித்ததில்லை. வயிற்றில் ஒரு சின்ன இரைச்சல் வந்தால் இதோ வந்துவிட்டது என்று தோன்றும். நாக்கு தடிக்கிறதா என்று பல்லில் உரசிப் பார்த்தேன். மச்சான் முகத்தைப் பார்த்தேன், வெளுக்கிறதா என்று. அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெயிலில் வியர்த்தால்கூட இரண்டு பேரும் பயந்தோம். “இன்னா பண்ணுது மாமா?” “ஒண்ணுமில்ல. உனக்கு?” “ஒண்ணுமில்ல.” மறுபடி கொஞ்ச நேரம் கழித்து அதே கேள்வி. மகளுக்கு இன்னும் பேச்சு வரவில்லையே, அப்பா என்று அவள் கூப்பிட்டு நான் கேட்கவில்லையே என்று ஒரு நினைப்பு வந்தது. அதை அப்படியே அழுத்திவிட்டேன்.

அப்போதுதான் தலைவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். பக்கத்தில் நின்றவரின் தோளைப் பிடித்தார். “கொஞ்சம் உட்காரணும்” என்றார். உட்காருவதற்குள் குனிந்துவிட்டார். அவருக்குப் பின்னால், இரண்டாம் பந்தியில் அவரோடு சாப்பிட்ட இன்னும் சிலரும் ஒவ்வொருவராகக் கொல்லைப்புறம் ஓட ஆரம்பித்தார்கள். மேலாளரும் வாயைப் பொத்திக்கொண்டு வேலியோரம் போனார்.

டாக்டர் வந்தபோது கூடமே ஆஸ்பத்திரி மாதிரி கிடந்தது. கட்டை குட்டையான மனிதர். கூட ஒரு கம்பவுண்டர். படுத்துக் கிடந்தவர்களை நாடி பார்த்துக்கொண்டே, “என்ன சாப்பிட்டீங்க? என்ன சாப்பிட்டீங்க?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார். முதலில் விழுந்தவர்கள் எல்லோரும் மீன் என்றார்கள். தலைவரிடம் வந்தார்.

“நீங்களும் மீனா?”

“நான் சைவம்” என்றார் தலைவர், கண்ணைத் திறக்காமல்.

டாக்டர் நிமிர்ந்தார். “இவர் சைவம்னா மீனை ஏன் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க? ரெண்டு பந்திக்கும் பொதுவா என்ன போட்டீங்க?”

அத்தனை பேரில் யாருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பயம் ஒன்றையேதான் பார்க்கவைக்கிறது. சோறு, ரசம், மோர் என்று யாரோ சொன்னார்கள். டாக்டர் நேராகக் கொட்டகைக்கு வந்தார். எங்கள் இருவரையும் இலையையும் பார்த்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, “முட்டாப் பசங்களா, சாட்சியைத் தின்னுட்டு உக்காந்திருக்கீங்களே” என்று திட்டினார். பிறகு மோர் அண்டாவைச் சாய்த்தார். அடியில் கிடந்த மோரைக் கொட்டச் சொன்னார். பித்தளையின் உட்புறத்தில் ஈயப் பூச்சு திட்டுத்திட்டாகப் போயிருந்தது. போன இடமெல்லாம் பச்சை படிந்திருந்தது.

“பித்தளைக் களிம்பு. விஷம்” என்றார். “எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு காலையிலேருந்து இதுல ஊற வெச்சிருக்கீங்க. வாந்தி வராம என்ன வரும்? நிறைய வாந்தி எடுத்தா நல்லது. உப்பும் தண்ணியும் குடுங்க. சாக மாட்டாங்க.”

சாக மாட்டாங்க. அதைக் கேட்டதும் மச்சான் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. நான் அவன் முதுகில் கை வைத்தேன்.

அதற்குள் கூட்டத்தின் கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. மச்சானை அறைந்த அதே ஆள், மோர் கலந்த சமையல்காரரின் துண்டைப் பிடித்து இழுத்தான். அவர் வயதானவர். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, “நான் ஈயம் பூசின அண்டாதான் சாமி கேட்டேன், இதுதான் சாமி வந்துச்சு, அடிச்சுடாதீங்க சாமி” என்று அழுதார். சற்றுமுன் என் உடம்பில் இருந்த பயம் அப்படியே அவர் உடம்பில் இருந்தது. மச்சான் எழுந்துபோய் அவருக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் நின்றான். அவன் கன்னத்தில் விரல் பதிந்த தடம் இன்னும் சிவப்பாக இருந்தது.

“ஒரு தடவ அடிச்சது பத்தலயா சார்?” என்றான்.

அந்த ஆள் கையை எடுத்தான்.

“பாத்திரம் யார் எடுத்தது?” என்று டாக்டர் கேட்டார்.

எனக்குத் தெரியும். ஆனால் நான் சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை. வேலியோரம் உட்கார்ந்திருந்த மேலாளர் கையைத் தூக்கினார். வாந்தி எடுத்துக் களைத்துப்போயிருந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

“நான்தான் சார்” என்றார். “மூணு கடையில விசாரிச்சேன். இவங்கதான் கம்மியா சொன்னாங்க. உள்ள பாக்கல.” கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். “மீன் விஷயமும் என்கிட்ட சொல்லிட்டுத்தான் செஞ்சாரு. தெரியாதுன்னு சொன்னது பொய்.”

அதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆனால் குரல் மெலியவில்லை. அவரிடம் அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து, டாக்டரிடம் பேசிவிட்டு, மச்சானைப் பார்த்து, “நீ போப்பா” என்றார். திட்டக்குடிக்காரரையும் தலைவரையும் இன்னும் இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாளுக்குள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டாம் நாள் கூட்டத்தை நிறுத்தக்கூடாது என்று தலைவர் கட்டிலில் இருந்தபடியே சொல்லி அனுப்பினாராம். கூட்டமும் நடந்தது. பாதி நாற்காலி காலி. சப்ளையர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றி ஒருவர் கட்டுரை வாசித்தார் என்றும், வந்தவர்கள் அங்கே தண்ணீர்கூடக் குடிக்காமல் தெருக்கோடியிலிருந்து சோடா வாங்கிவரச் சொன்னார்கள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். நான் போகவில்லை. மேலாளர், “நீங்க வீட்டுக்குப் போங்க” என்று சொல்லிவிட்டார்.

முதல் நாள் சாயங்காலமே, லாரியை டிரைவரோடு அனுப்பிவிட்டு, நானும் மச்சானும் கடலூர் பஸ் ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவன் தூங்கிவிட்டான். புதுச்சத்திரம் தாண்டும்போது நான் அவனை எழுப்பவில்லை.

செய்தி எங்களுக்கு முன்னால் போயிருந்தது. முதுநகரில் இறங்கும்போதே ஒருவர், “சிதம்பரத்துல மீன் தின்னு பத்து பேர் செத்துட்டாங்களாமே?” என்று எங்களிடமே கேட்டார். மச்சான் அவருக்கு நடந்ததையெல்லாம் விளக்கினான். அவர் கேட்டுக்கொண்டு தலையாட்டினார். ஆனால் நாங்கள் நகர்ந்ததும் அவர் இன்னொருவரிடம் பழைய கதையைத்தான் சொல்லியிருப்பார். மோர் அண்டாவின் கதையில் யாருக்கும் சுவாரசியமில்லை. எங்கள் குப்பத்துப் பெண்கள் கூடை தூக்கிக்கொண்டு பஸ்ஸில் சிதம்பரம் போய்த் தெருத்தெருவாக விற்றுவந்தவர்கள். அவர்களைப் பல மாதங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். மச்சான் ஒருநாள் அவர்களோடு தானும் போய், வீடு வீடாக நின்று சொல்லிப் பார்த்தான். அவன்தான் அந்த மீன்காரன் என்று தெரிந்ததும் கதவு இன்னும் சீக்கிரமாகச் சாத்தப்பட்டது. மழைக்காலம் வந்து போன பிறகுதான் பழையபடி வியாபாரம் நடந்தது. கீரப்பாளையத்துக்காரர் மட்டும் ஒரு விசேஷத்துக்கு அவனைத் தேடிவந்து மீன் சொன்னார்.

மேலாளருக்குப் பதவி உயர்வு வரவில்லை. அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். போவதற்கு முன்னால் என் மேஜைக்கு வந்து நின்று, ஏதோ சொல்ல நினைத்து, “வெயில் ஜாஸ்தியா இருக்கு இல்ல?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. அந்தக் கூடத்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்த அந்தக் கணத்தை நினைத்தால் இப்போதும் இருக்கிறது. ஆனால் வேலியோரத்திலிருந்து தூக்கிய அந்தக் கையையும் நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

வீட்டில் நான் நடந்ததைச் சொன்னபோது ஒன்றை விட்டுவிட்டுத்தான் சொன்னேன். அவளுடைய தம்பி மீனைச் சாப்பிட்டுக் காட்டினான் என்று சொன்னேன். நானும் சாப்பிட்டதைச் சொல்லவில்லை. அவள் வீணாகப் பயப்படுவாள் என்று நினைத்தேன். சில நாள் கழித்து மச்சான் வீட்டுக்கு வந்தான். அவள் அவனுக்கு இட்லி வைத்துக்கொண்டிருந்தாள். நான் முற்றத்தில் மகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் சிரித்துக்கொண்டே பேசியது காதில் விழுந்தது.

“மாமா மொகத்தப் பாத்திருக்கணும்க்கா நீ. என் பக்கத்துல ஒக்காந்து அவரே சட்டிய இழுத்து ஊத்திக்கினாரு. நான் வேணாம் வேணாம்னு சொல்றேன்.”

அவள் வெளியே வந்தாள். கையில் கரண்டி இருந்தது. என்னைப் பார்த்தாள், என் மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தாள்.

“நீங்களும் துன்னீங்களா?”

“ஒண்ணும் ஆகலயே. மோர்தானே...”

“மோருன்னு அப்பத் தெரியுமா ஒங்களுக்கு?”

அவள் திட்டவில்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். எல்லாம் முடிந்து இத்தனை நாள் ஆன பிறகு, நல்ல வெயிலில், அவளுக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. முதலில் கை, பிறகு தோள், பிறகு தாடை. பல்லோடு பல் மோதுகிற சத்தம் எனக்குக் கேட்டது. மச்சான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். நான் குழந்தையை அவள் மடியில் வைத்தேன். அவள் அதை இறுக்கிக்கொண்டாள். நடுக்கம் நிற்கும்வரை நாங்கள் மூன்று பேரும் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தோம்.